சிவப்பு விளக்கும் கடலைக் கூடையும்

வானவடியிலிருந்து ஹடப்சருக்குப் போகும் குறுக்குச் சாலையில் ஒரு பழைய ரயில் கேட். கேட் என்று பெயர்தான். குறுக்கே இறங்கும் கம்பி எப்போதோ ஒடிந்துபோய்விட்டது. மிச்சம் இருப்பது துருப்பிடித்த ஒரு கம்பம், அதில் இரண்டு சிவப்பு விளக்கு, ஒரு மணி.

அந்த மணி மழை பெய்தால் அடிக்கும். காற்றடித்தால் அடிக்கும். சில நாள் காரணமே இல்லாமல் காலை முழுக்க அடிக்கும். எப்போதாவது தொழிற்சாலைக்குச் சரக்குப் பெட்டிகள் வரும்போதும் அடிக்கும். அதனால் அங்கே மணிக்கு நிற்பவன் ஊருக்குப் புதியவன் என்று அர்த்தம்.

சங்கரன் புதியவர் இல்லை. அரசு அலுவலகத்தில் பெரிய அதிகாரி. கோப்பில் ஒரு கையெழுத்து இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புகிற ஒழுங்குக்காரர். அந்த ஒழுங்கெல்லாம் மேஜையோடு சரி. சிவப்பு விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்கூட்டரை விரட்டுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி நீலாவை ஹடப்சரில் இறக்கிவிட்டு, அவர் ஆபீஸில் வருகைக்குக் கைரேகை வைக்க ஓட வேண்டும்.

விளக்குக்கும் மணிக்கும் நிற்காத அந்த மனிதரை நிறுத்துகிறவள் ஒருத்தி இருந்தாள். பவுன். கடலைக்காரி.

தண்டவாளம் வளைகிற இடத்தில், மதில் முனையில் உட்கார்ந்திருப்பாள். இடுப்பில் துணி மூடிய கூடை. திடீரென்று எழுந்து நேராக ஸ்கூட்டர் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்று, "கரம் ஷேங்தானே", சூடான கடலை, என்று அந்த ஊர்ப் பாஷையில் கூவுவாள். இடது பக்கம் ஒடித்தால் இடது பக்கம் வருவாள். வலது பக்கம் ஒடித்தால் அங்கேயும் கூடை. அதற்குள் சரக்குப் பெட்டிகள் வந்துவிடும். கைரேகைக்கு நேரமாகிவிடும்.

முதல் நாள் சங்கரன் இந்தியில் திட்டினார். அவள் தமிழில், "கோவிச்சுக்காதீங்க சார்" என்றாள். அவருக்கு இன்னும் எரிச்சல். நம்ம ஊர்க்காரி வேறயா, இதுகளாலதான் இங்கே நமக்கு மரியாதையே இல்லை என்று ஹடப்சர் வரைக்கும் புலம்பிக்கொண்டே போனார்.

"சரக்கு வண்டி வந்தா எல்லாரும் நிப்பான்னு தெரிஞ்சு வச்சுண்டிருக்கா. அதுக்கு முன்னாடியே வந்து வழிய மறிக்கறா. வியாபாரமாம்."

நீலாவுக்கு வேறொரு குறை. இரண்டு தடவை அவள் கடலை கேட்டாள். இரண்டு தடவையும் பவுன் அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, பெட்டிகள் போனதும் மதிலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டாக்கூடத் தரமாட்டேங்கறா. என்ன திமிர் பாருங்கோ" என்றாள் நீலா.

அன்றைக்குச் சங்கரன் ஆபீஸுக்குத் தாமதம். மேலதிகாரி எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை கேட்டார். சாயங்காலமே சங்கரன் நாற்சந்தியில் நிற்கும் போலீஸ் ஹவல்தாரிடம் போய்ப் புகார் சொன்னார். அந்தக் கூடையைப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள், அப்புறம் அவள் அங்கே எப்படி உட்காருகிறாள் பார்க்கிறேன் என்றார் ஹவல்தார். அவரும் தினம் அந்த மணியைத் தாண்டித்தான் டியூட்டிக்கு வருகிறார். நிற்காமல்.

மறுநாள் காலை. மணி அடித்துக்கொண்டிருந்தது. விளக்கு மாறி மாறி எரிந்தது. சங்கரன் வேகத்தைக் கூட்டினார்.

கூடை குறுக்கே வந்தது. பிரேக் கிரீச்சிட்டது. நீலா அவர் முதுகில் மோதிக்கொண்டாள்.

இதற்காகவே காத்திருந்தவர்போல் சங்கரன் இறங்கினார். ஸ்டாண்டுகூடப் போடாமல் வண்டியை நீலாவிடம் தள்ளிவிட்டுப் போய்க் கூடையைப் பற்றினார்.

"விடுங்க சார்" என்றாள் பவுன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இத மட்டும் எடுக்காதீங்க சார். வேணும்னா என்னய ரெண்டு அடி அடிங்க."

"ஹவல்தார்கிட்ட வந்து வாங்கிக்கோ" என்று ஒரே இழுப்பாக இழுத்தார். அதே நொடியில் மதிலின் மறைவிலிருந்து முதல் சரக்குப் பெட்டி வந்தது. எஞ்சின் கடைசியில் இருந்து தள்ளிக்கொண்டு வந்ததால் முன்னால் ஹாரனும் இல்லை, சத்தமும் இல்லை. பவுனின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. நீலா வண்டியின் ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சங்கரன் கையில் கூடை. இத்தனை கடலைக்கு இது ஏன் இப்படிக் காற்றாக இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துணி நழுவியிருந்தது. உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்திருந்தது. கடலை ஒன்றுகூட இல்லை.

"கடலை எங்கேம்மா?" என்றாள் நீலா.

"கடலை சாயங்காலம் மார்க்கெட்டுலதாம்மா விப்பேன். காலைல சும்மா கூடைதான்." பவுன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மொதல்ல, பெட்டி வாறதப் பாத்ததும் கையத்தான் காட்டுனேன். ஒருத்தனும் நிக்கல, ஏசிட்டுப் போனான். கூடை கவுந்தா நான் காசு கேட்டு ரகள பண்ணுவேன்னுதான் பிரேக்கப் புடிக்காங்க."

கடைசிப் பெட்டியும், அதைத் தள்ளிவந்த எஞ்சினும் இன்னும் போகவில்லை. பின்னால் ஏழெட்டு பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. வழிய விடு என்று ஒருவன் கத்தினான்.

பவுன் பதறிப்போய் சங்கரன் கையிலிருந்த கூடையை எட்டிப் பிடித்தாள்.

"துணிய மூடுங்க சார், வெரசா. உள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் நிக்கமாட்டான்."