குடையம்மாவின் நோட்டு

"மாட்டுனீங்களா!" என்று வாட்ச்மேன் பாய்ந்து நோட்டைப் பிடுங்கியதில், குடை ஒரு பக்கம் போனது. அந்த அம்மாள் ஒரு பக்கம் சாய்ந்தார்.

கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. பயிற்சி மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே ரசிகர்கள் நின்று கத்துவதும், கையெழுத்துக்குக் கை நீட்டுவதும் தினம் நடப்பதுதான். இந்த அம்மாள் கத்தவுமில்லை, கையெழுத்து கேட்கவுமில்லை. அணியின் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வெயிலும் மழையும் இல்லாத நாளிலும் குடையை முகத்துக்கு நேரே இறக்கிப் பிடித்தபடி, இரண்டு மாதமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் அவருக்குக் குடையம்மா என்று பெயரே வைத்துவிட்டார்.

வாட்ச்மேன் அவரை நோட்டோடு கோச்சின் அறைக்குக் கூட்டிப் போனார். கோச் முதல் வேலையாக அங்கிருந்த ஆட்டத் திட்டப் பலகையைத் துண்டு போட்டு மூடினார். போன வருடம் எதிரணியின் பயிற்சியைப் பார்க்க ஓர் ஆளை மரத்தில் ஏற்றி உட்கார வைத்தவர் அவர். அதனால் ஊரே மரத்தில் உட்கார்ந்து தன்னைப் பார்ப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

நோட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே ஆள், ஆறாம் நம்பர்.

"'தண்ணி, ரெண்டு வாய்தான். இருமல் இல்லை. சிரிப்பு, ஒரு தடவை. இடது கால் லேஸ் இன்னைக்கும் அவிழ்ந்துதான் கிடக்கு.'" சத்தமாகப் படித்துவிட்டு உதவிக் கோச்சைப் பார்த்தார். "புரியுதா? சங்கேத பாஷை! தண்ணின்னா கார்னர் கிக். சிரிப்புன்னா ஃப்ரீ கிக்."

"இருமல் சார்?"

"அதுதான் பிடிபட மாட்டேங்குது." கோச் குடையம்மாவின் பக்கம் திரும்பினார். "யாரும்மா உங்களை அனுப்பினது? தானா வந்தேன்னு கதை விடாதீங்க."

"ஒருத்தர் அனுப்பினார் சார். சாயங்காலம் அவருக்கு இதைப் படிச்சுக் காட்டணும். நோட்டை மட்டும் குடுத்துடுங்க."

கோச் மேஜையைத் தட்டினார். "பார்த்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க! ஏம்மா, அந்தப் பையனுக்கு அப்பா இல்ல, அம்மா இல்ல. சேரும்போது ஃபாரத்துல அப்படித்தான் எழுதிக் குடுத்தான். இந்த டீமை விட்டா அவனுக்கு நாதி கிடையாது. போயும் போயும் அவன் பொழைப்புலயா மண்ணள்ளிப் போடணும்?"

கையிலிருந்து நழுவிய தொப்பியை எடுக்கக் குனிந்த குடையம்மாவுக்கு நிமிர வெகுநேரம் பிடித்தது.

"அந்தத் தம்பி கையாலயே அப்படி எழுதினாரா சார்?"

"ஆமா. இப்போ அதுவா முக்கியம்? டேய், ஆறாம் நம்பரைக் கூப்பிடு!"

முழங்கால்வரை சேற்றோடு அவன் வந்து நின்றான். அறையே அவனுக்குச் சின்னதாக இருந்தது.

"இவங்க ரெண்டு மாசமா உன்னை நோட்டம் விடறாங்க. யாருன்னு தெரியுமா?"

அவன் அந்த அம்மாளைப் பார்த்தான். பிறகு திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தான். ஒரு பக்கம் படித்தான். புரட்டி இன்னொரு பக்கமும் படித்தான்.

"தெரியாது சார்."

"நல்லாப் பாருடா."

"அதான் தெரியாதுன்னு சொன்னேனே சார்." நோட்டை மூடி, கோச்சிடம் தராமல், அந்த அம்மாளின் கையில் கொடுத்தான். வாசலில் குனிந்து இடது கால் லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிட்டான்.

போலீசுக்குச் சொல்லலாமா என்று வாட்ச்மேன் கேட்டார். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பேப்பரில் பெயர் அடிபட வேண்டாம் என்று கோச் விட்டுவிட்டார். "ஆனா இனிமே வேலிப் பக்கம் உங்களைப் பார்த்தேன், நடக்கறதே வேற."

"வரமாட்டேன் சார்" என்றார் குடையம்மா.

கேட்டில் வாட்ச்மேன் வளைந்துபோன குடைக்கம்பியை நிமிர்த்திக் கொடுத்தார். என்ன இருந்தாலும் இரண்டு மாதப் பழக்கம். "பார்த்தா அப்படிப்பட்டவங்களாத் தெரியலயேம்மா. எதுக்கும்மா உங்களுக்கு இந்த வேலை?"

"செய்யறதுக்கு வேற யாரும் இல்லையே தம்பி."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்து, 'லேஸ் கட்டியாச்சு' என்று எழுதினார். அதற்கு முன்னால் அவன் சொன்னதையும் எழுத வேண்டியிருந்தது. அதை எழுத மனசு வரவில்லை.

அனுப்பியவர் ஜன்னலோரக் கட்டிலில் காத்திருந்தார். எட்டு வருடத்துக்கு முன்னால், பையன் வீட்டை விட்டுப் போன அன்று, அவனுடைய பூட்ஸைத் தூக்கி அடுப்பில் போட்ட வலது கை, போர்வைமேல் அசையாமல் கிடந்தது. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் பேச்சு குழறித்தான் வரும்.

"ஏன்... லேட்டு?"

"இன்னைக்கு மாட்டிக்கிட்டேங்க. நோட்டைப் பிடுங்கிட்டாங்க. எதிர்லயே வந்து நின்னு பார்த்துட்டான்."

அவருடைய நல்ல கை போர்வையை இறுகப் பிடித்தது. "என்ன... சொன்னான்?"

குடையம்மா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இந்த இரண்டு மாதத்தில் நடக்காத ஒன்றை அவர் எழுதியதுமில்லை, படித்துக் காட்டியதுமில்லை.

"அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டான்."