நண்டு ஏன் மாறவில்லை

"நாப்பது கோடி வருஷமா அந்தக் குதிரைலாட நண்டு அப்படியேதான் இருக்கு. எல்லா உயிரும் மாறிக்கிட்டே வருதுன்னா, அது மட்டும் ஏன் மாறல?"

மாமனார் சாப்பாட்டு மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் வாசலோரம் அடுக்கிக் கிடந்தன. நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீர் சுடுகிறதா குளிர்கிறதா என்று கைக்குத் தெரியவில்லை.

என்னைத்தான் கேட்கிறார் என்பது கொஞ்சம் கழித்தே உறைத்தது.

எனக்கு விலங்கியல் தெரியாது. நான் படித்தது வணிகவியல். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த நண்டு வாரம் தவறாமல் எங்கள் மேஜைக்கு வந்துவிடும். சாப்பாடு ஆறிப்போகும். "முதல்ல அந்த நண்டைக் கீழ இறக்குங்க" என்று அத்தை அதட்டுவாள்.

இன்று உள்ளறையில் அத்தையின் சத்தமே இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் சட்டைப் பொத்தான்கள் துளை மாறி மாட்டியிருந்தன. காலையிலிருந்து யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

"ஓடுதான் மாமா மாறல. உள்ள நிறைய மாறியிருக்கு. பாறையில கிடைச்சதும் இப்போ கடல்ல இருக்கிறதும் வேற வேற இனம்."

"பாக்க ஒண்ணாத்தானே இருக்கு?"

"அந்த உடம்பு அந்தக் கடலுக்குப் போதும். வேற மாதிரி பொறந்தது எதுவும் நிலைக்கல. அதுவும் பரிணாமம்தான்."

என் குரல் எனக்கே பக்கத்து வீட்டு ரேடியோ போலக் கேட்டது.

அவர் விடவில்லை. சீலகாந்த் மீனை இழுத்தார். அடியோடு அழிந்துபோனது என்று எல்லாரும் முடிவு கட்டிய மீன் ஒருநாள் வலையில் வந்து விழுந்ததே, அதற்கு என்ன சொல்கிறாய் என்றார்.

நம் கண்ணில் படாததால் அது இல்லை என்று ஆகிவிடாது என்றேன்.



அவர் அதற்கும் மசியவில்லை. உள்ளங்கையால் மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"மாறினாலும் பரிணாமம், மாறலன்னாலும் பரிணாமம். அப்போ என்ன நடந்தா உங்க கொள்கை தப்புன்னு ஒத்துக்குவீங்க?"

யோசித்தேன். இதற்கான பதில் மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"இதுக்கு நீங்க என்ன சொல்வீங்க, மாமா?"

அவர் ஓய்வு பெறும்வரை கல்லூரியில் நடத்தியது பரிணாமப் பாடம். நான் சொன்ன பதில்கள் அவருடையவை. இந்தக் கேள்விகள் எல்லாம் என் கணவருடையவை. அவரைக் காலையில்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தோம்.

மாமனார் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

"இதுக்கு நான் பதிலே சொன்னதில்லம்மா. கேட்ட உடனே அவனே சிரிச்சுடுவான்."

நாங்கள் இருவரும் சற்று நேரம் காத்திருந்தோம்.