மாப்பிள்ளை பார்க்கப் போன மகள்

அழைப்பு மணி அலறியது. அவள் விரலை எடுத்த பிறகும் அலறிக்கொண்டே இருந்தது.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். "ஐயையோ, சக்கரம்" என்று ஓர் ஆண் குரல்.

கதவைத் திறந்தவரின் ஒரு கையில் சின்ன இடுக்கி இருந்தது. மறு கையால் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டார். மணி அடங்கியது.

"அதுக்கு அந்த வைத்தியம்தாம்மா. வாங்க. பார்த்துக் கால் வைங்க, சக்கரம் ஒண்ணு தெறிச்சுடுச்சு."

அடுத்த நிமிடம், அம்மா கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் மனிதரோடு சேர்ந்து அவள் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். எப்படி மிடுக்காக நுழைவது, என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண்.

சக்கரம் மேசைக்காலுக்குப் பின்னால் கிடந்தது. மிளகைவிடச் சற்றுப் பெரியது. எடுத்தவள் அதன் பிசிறை நகத்தால் சுரண்டினாள். செயற்கைப் பல் செய்வது அவள் தொழில். பிசிறைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"தொழில் தெரிஞ்ச கை" என்றார் அவர்.

மேசைமேல் ஒரு ராணுவ விமானம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஆட்களையும் ஜீப்பையும் ஏற்றிப் போகும் தொந்தி பெருத்த வகை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் சேர்க்க வேண்டும். துண்டுகள் வந்த அட்டைப் பெட்டிக்கு அவளைவிட வயது அதிகம். இறக்கையில் ஒட்ட வேண்டிய எண்கள் அச்சிட்ட தாள் பழுத்துப்போய், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"வெயில் பட்டா மஞ்சள் வெளுத்துடும்" என்றார். "உங்கம்மா பழைய சாமான் கடையில தேடிப் பிடிச்சு வாங்கிக் கொடுத்தது."

அவளுக்குத் தெரியும். "பட்டாளத்துல இருந்தப்போ வருஷக்கணக்கா இதுலதான் போனாராம்டி" என்று சொன்னபோது அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

அந்த வெளிச்சம்தான் அவளைப் பயமுறுத்தியது.

அப்பாவும் இப்படித்தான் அளப்பார். வேலை போன பிறகும் மாதக்கணக்கில், காலையில் டை கட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பியவர். பொய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்னொரு புளுகரிடம் அம்மா மாட்டக்கூடாது. "நீ போய்ப் பாரு. நீ வேண்டாம்னா வேண்டாம்" என்று அம்மாவும் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டாள்.

பார்த்தாள்.

விமானத்தின் உடல் இன்னும் இரண்டு பாதிகளாகத்தான் இருந்தது. உட்பக்கம் நெடுக கித்தான் பெஞ்சுகள். வால் பக்கத்துக் கதவருகே, ஊசிமுனையால் வைத்ததுபோல் சிவப்பில் ஒரு புள்ளி, பச்சையில் ஒரு புள்ளி. செய்முறைத் தாளில் அப்படி எதுவும் இல்லை.

"நடு வானத்துல என்ன சார், டிராஃபிக் சிக்னலா?"

"கிட்டத்தட்ட" என்று சிரித்தார். "பறக்கிற மாதிரி தொங்கவிடலாம்னு இருந்தேன். உங்கம்மாதான், அந்தரத்துல எதுக்கு, தரையிறங்குற மாதிரி செய்யுங்கன்னாங்க."

தனியாகக் காய்ந்துகொண்டிருந்த இறக்கையை எடுத்துப் பார்த்தாள். பின்விளிம்பை நேராக ஒட்டியிருந்தார்.

"இறங்கும்போது இது கீழே மடங்குமே சார்?"

"மடங்குமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை விமானம் ஏறியவள் அவள். இறங்கும் நேரத்தில் இறக்கையின் பின்விளிம்பு தொங்குவதைக் கண்டு, பிய்ந்துவிட்டதென்று பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டவள். அவளுக்கே தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை.

'உள்ளேயிருந்து வெளியே எங்கே தெரியும்' என்று சொல்லி அவர் நழுவியிருக்கலாம். நழுவவில்லை. கத்தியை எடுத்து, ஒட்டிய இடத்தைக் கீறிப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவள் விடவில்லை.

"தரையைத் தொடறப்ப எப்படி சார் இருக்கும்? நான் போனதுல லேசாக் குலுங்குச்சு. இவ்வளவு பெரிய விமானம்னா தூக்கிப் போடுமோ?"

கத்தி நின்றது. நன்றாக யோசித்துப் பார்த்தார்.

"தெரியலையேம்மா."

சாயம் வெளுத்துவிட்டது. அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஏதோ ஒன்று இடித்தது. அப்பாவாக இருந்தால் இந்நேரம் புயலுக்கு நடுவே ஒற்றைச் சக்கரத்தில் இறங்கிய கதை வந்திருக்கும். இந்த மனிதரோ பரீட்சையில் விடை தெரியாத பையன்போல விழிக்கிறார். புளுகுகிறவருக்கு இப்படி விழிக்க வருமா?

"நேராவே கேட்டுடறேன் சார். வருஷக்கணக்கா இதுல போனேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்க. இறங்கினா எப்படி இருக்கும்னுகூடவா தெரியாது?"

அவர் காதுமடல் சிவந்தது. கத்தியை மூடி வைத்தார்.

"நான் ஏணியில ஏறினாலே உங்கம்மா பதறுவாங்க. அதான் முழுசா சொல்லல. போனதெல்லாம் நிஜம்தாம்மா. ஆனா அது தரையிறங்குறப்ப நான் ஒரு தடவைகூட உள்ளே இருந்ததில்ல. முதுகுல பாராசூட்டைக் கட்டி, கதவுகிட்ட அந்தப் பச்சை விளக்கு எரிஞ்சதும் பாதி வழியிலேயே குதிக்கச் சொல்லிடுவாங்க."