நிற்காத தண்டு

அக்காவின் டிராக்டரில், பின்னால் மாட்டும் இயந்திரங்களைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிற்கவே மாட்டேன் என்கிறது என்று மெக்கானிக் தம்பி பார்க்க வந்தான். மாமா இறந்த பிறகு அக்காதான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"கிளட்ச் தட்டு ஒட்டிக்கிட்டிருக்கும்க்கா."

கிளட்ச்சை மிதித்தான், தண்டு சுற்றியது. பி.டி.ஓ. லீவரை விலக்கினான், சுற்றியது. எஞ்சினை அணைத்தான், அப்போதும் சுற்றியது. வேறு வழி தெரியாமல் வண்டியை இரண்டாகப் பிரித்துக் கிளட்ச்சை வெளியே எடுத்தான். தட்டுகளில் ஒரு குறையும் இல்லை. எஞ்சின் தனியாக ஓரமாய்க் கிடந்தது. பின்பாதியில் தண்டு அது பாட்டுக்கு நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தேநீர் கொண்டுவந்த அக்கா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கம் கையை நீட்டினாள்.

"அக்கா, வேணாம். கை போயிடும்."

அவள் தண்டின் மேல் கையை வைத்தாள். அது நின்றது.

"உங்க மாமா எப்பவும் இப்படித்தான். வேலையில இறங்கிட்டா நான் வந்து தோளைத் தொட்டாத்தான் நிறுத்துவாரு," என்றாள். "நீ பூட்டுடா. நான் பிடிச்சுக்கிறேன்."

அவன் பூட்டி முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அவள் விரல்களுக்கு அடியில் தண்டு மூச்சு வாங்குவதுபோல் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.