நீங்க முதல்ல போங்க

ரயில் நிலையத்தில் பெட்டிகளைப் பாதுகாப்பாக வைத்துவிட்டுப் போகும் அறை அது. மூன்று கவுண்டர்கள், ஆனால் ஒரே வரிசை. எந்தக் கவுண்டர் காலியாகிறதோ, முன்னால் நிற்பவர் அங்கே போக வேண்டும்.

வரிசையில் நின்ற நெட்டையனின் சட்டைப்பையில் ஒரு டோக்கன். காலையில் பஸ் நெரிசலில் அவன் மச்சான் யாரிடமோ அடித்த பர்ஸில் இருந்தது. கூடவே ஒரு நகைக்கடை ரசீது. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

முதல் இரண்டு கவுண்டர்களிலும் பழைய ஆட்கள். பெட்டி என்ன நிறம், உள்ளே என்ன இருக்கிறது என்று குடைந்து எடுத்துவிடுவார்கள். மூன்றாவதில் புதிதாகச் சேர்ந்த பெண். டோக்கனை வாங்குவாள், பெட்டியைக் கொடுப்பாள். அவ்வளவுதான்.

'கடவுளே, எனக்கு மூணாவதுதான் அமையணும்.'

அவன் வரிசையின் முன்னால் வந்தபோது காலியானது இரண்டாவது. பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண்.

"நீங்க முதல்ல போங்கக்கா. குழந்தை அழுவுதில்ல?"

"நல்லா இருப்பே தம்பி!"

அடுத்து முதல் கவுண்டர். இப்போது அவன் பின்னால் வியர்த்து விறுவிறுத்து நின்றவர் ஒரு பெரியவர்.

"நீங்க போங்கய்யா."

"உனக்கு அவசரமில்லையாப்பா?"

"எனக்கென்னங்கய்யா அவசரம்? நிதானமா வாங்கிக்கிறேன்."

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

"ஏம்ப்பா, நீ வரிசையில நிக்கிறியா, இல்ல வழியனுப்ப வந்தியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையனும் சிரித்தான். மனமார ஒருவர் வாழ்த்தினால் திருடனுக்கும் நெஞ்சு கொஞ்சம் குளிரத்தான் செய்கிறது.

முதல் கவுண்டரில் பெரியவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் விரல்விட்டு எண்ணி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். 'அப்பாடா, நான் போய் மாட்டியிருந்தா!' என்று நெட்டையன் மூச்சு விட்டான். ஒருவழியாகப் பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போகிற போக்கில் அவனை இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுப் போனார் பெரியவர்.

மூன்றாவது கவுண்டர் காலியானது. கடவுள் கேட்டதைக் கொடுத்துவிட்டார்!

டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போன பெண் வெறுங்கையோடு திரும்பினாள். முதல் கவுண்டர்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

"என்னம்மா, பெட்டி எங்கே?" என்றான் நெட்டையன்.

"பர்ஸோட டோக்கனும் திருடு போயிடுச்சுன்னு, உள்ள இருந்த நகையெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லி, சொந்தக்காரரே இப்பதான் வாங்கிட்டுப் போனார் சார்" என்றாள் அந்தப் பெண். பிறகு அவளே சொன்னாள்:

"நீங்கதானே அவரை முதல்ல போகச் சொன்னீங்க!"