மாதம்மாளின் புழுக்கள் தூங்குகின்றன

கம்பெனிப் பட்டுப்பூச்சி இடும் முட்டை பொரியாது. ஒவ்வொரு முறையும் கம்பெனியிடம்தான் புது முட்டை வாங்க வேண்டும். பட்டுப்புழு வளர்க்கும் மாதம்மாளின் கொட்டகையில் மட்டும் இந்த முறை பொரிந்துவிட்டது.

மருந்து தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பெனி அதிகாரி தினகரன் வந்து நின்றான்.

"பூச்சிக்குள்ள நாங்க வச்ச மரபணு, வைரஸ் மாதிரிம்மா. தன்னைத்தானே நகலெடுத்துத் தாவும், முட்டைக்குள்ள புகுந்து கருவைக் கெடுத்துடும். உங்க பூச்சி எப்படியோ அதை அடக்கிடுச்சு. பொறந்த புழுக்களுக்கும் அந்த வித்தையைக் குடுத்துடுச்சு. எல்லாத்தையும் அழிக்கணும்."

"தாவுறதுக்கு நீங்க சொல்லிக் குடுத்தீங்க. அடக்குறதுக்கு அதுவா கத்துக்கிச்சு. இதுல என் தப்பு என்ன சார்?"

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

"நான் போட்டேன். பூச்சி போடலயே?"

அவன் கதவை நோக்கி நடந்தான். மாதம்மாள் குறுக்கே நின்றாள்.

"புழு தோலுரிக்கத் தூங்குது. அந்த நேரத்துல யாரும் உள்ள போகக்கூடாதுன்னு நீங்கதானே வகுப்பெடுத்தீங்க?"

பழக்கத்தில் அவன் கால் ஒரு கணம் நின்றுவிட்டது. பிறகு எரிச்சலோடு கேட்டான்.

"சாகப்போற புழுவுக்கு என்னம்மா தூக்கம்?"

அதற்குள் ஊர்ப் பெண்கள் காலி மூங்கில் தட்டுகளோடு வந்துவிட்டார்கள். வாசல் தொட்டியில் கால் கழுவிக்கொண்டு, ஒவ்வொருத்தியாகக் கதவை மறித்து உட்கார்ந்தார்கள்.

"முழிச்சதும் ஆளுக்கு ஒரு தட்டுப் புழு எடுத்துட்டுப் போகத்தான் வந்திருக்காங்க" என்றாள் மாதம்மாள். "நீங்களும் உக்காருங்க சார். முதல்ல அந்தச் செருப்பைக் கழட்டுங்க."