டிக்கெட் கிடைத்த பிள்ளை

“உனக்கு மட்டும் எப்பிடியடி டிக்கெட் கிடைச்சது?”

முன் மேசை ஞானேஸ்வரி அக்கா கேட்டதும் யதுர்ஷிகா திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. கனடாவுக்கோ லண்டனுக்கோ கிடைத்திருந்தால் சிரித்திருப்பாள். இது அலுவலகக் கணினியில் கிடைத்த டிக்கெட்.

புதுக்குடியிருப்பில் இருந்த அந்த நெல் கொள்வனவுச் சங்கத்தின் செயலிக்கு அன்றுதான் புதிய பூட்டு. பூட்டுப் போட நெளுக்குளத்திலிருந்து கணினி திருத்துகிற ஜெயந்தன் வந்திருந்தான். “இனி ஒவ்வொரு இடத்திலயும் பாஸ்வேட் அடிக்கத் தேவையில்லை. காலமை ஒருக்கா அடிச்சா சேர்வர் ஒரு டிக்கெட் தரும். அதைக் காட்டினாச் செயலி உள்ள விடும்” என்று விளக்கியிருந்தான்.

“அப்ப எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்செண்டு வீட்டுக்குச் சொல்லிவிடாதேங்கோ. ஒப்பாரியோட வந்து நிப்பினம்” என்றான் பக்கத்து மேசை விதுசன்.

சேர்வர் என்கிற அந்தப் பிரதான கணினி, முகாமையாளர் முத்துலிங்கத்தின் அறையில் அவருடைய மேசையில் இருந்தது. தலைமை மெசின் தலைமை மேசையில்தான் இருக்க வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் முழங்கி வென்றிருந்தார். அதே மூச்சில் தன் அறைக்குப் பின்பக்கத்தில் தனி வாசலும் வென்றார். அந்த மெசினில்தான் கடிதம் அடிப்பார், வரவு பதிவார், சாப்பாட்டுக்குப் பிறகு பழைய பாட்டும் கேட்பார்.

வெளியே இருந்த ஐந்து கணினிகளில் நான்குக்கு டிக்கெட் மறுக்கப்பட்டது. யதுர்ஷிகாவின் கணினிக்கு மட்டும் கிடைத்தது.

ஜெயந்தன் தலையைச் சொறிந்தான். “நேரம் ஒத்துப்போகேல்லை எண்டு சொல்லுது. பழைய டிக்கெட்டை ஆரும் களவாக் கொண்டுவந்து காட்டாமலிருக்க, சேர்வர் நேரம் பாக்கும். அதின்ர மணிக்கூடும் உங்கட மெசின்ர மணிக்கூடும் ஒண்டா இருக்கோணும். அஞ்சு நிமிசத்துக்கு மேல வித்தியாசமெண்டாத் தராது. நேற்றுப் பின்னேரம் எல்லாம் சரியா வைச்சிட்டுத்தான் போனனான். காலமை ஆரோ கை வைச்சிருக்கினம்.”

கை வைத்தது யதுர்ஷிகாதான்.

சங்கத்தில் கணினியைத் திறக்கும் நேரமே வரவு நேரம்; பிந்தினால் அது சிவப்பில் விழும். இன்னொரு சிவப்பு விழுந்தால் நிரந்தர நியமனம் இல்லை என்று முகாமையாளர் போன கிழமை சொல்லியிருந்தார். நியமனக் கடிதம் வந்தால்தான் வங்கி கடன் தரும். கடன் வந்தால்தான் உடையார்கட்டில் சுவரோடு நிற்கிற அவளுடைய வீட்டுக்குக் கூரை.

இன்று பார்த்து உடையார்கட்டுக்குப் பஸ் இருபது நிமிடம் பிந்தி வந்தது; ஏனென்று அவளுக்குத் தெரியாது. இறங்கி ஓடிவந்தபோது முகாமையாளரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. முதன்முறையாக, திருடியைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்து, கணினியின் மணிக்கூட்டை இருபது நிமிடம் பின்னுக்கு வைத்து வரவைப் பதிந்தாள். பிறகு திருத்தலாம் என்றிருந்தாள். அதற்குள் ஜெயந்தன் வந்து முன்னால் நின்றுவிட்டான்.

அறைக்கதவு திறந்தது. முகாமையாளர் வெளியே வந்தார்.

“என்ன தம்பி, டிக்கெட் டிக்கெட் எண்டீர். என்ர ஆக்கள் திருவிழாவில துலைஞ்ச மாதிரி நிக்கினம்?”

“ஒருக்கா உங்கட மெசினைப் பாக்கட்டோ, சேர்?”

“அது தலைமை மெசின். அதில பிழை வராது. மற்றதுகளைப் பாரும்.”

ஜெயந்தன் திரும்பவும் முதல் கணினியிலிருந்து தொடங்கினான். ஞானேஸ்வரி அக்கா அவன் பின்னால் போய், “நான் ஏதும் மாறி அமத்திப்போட்டனோ, தம்பி? எனக்கு இதுகள் விளங்கிறேல்லை” என்றார், அழாத குறையாக.

அதற்கு மேல் யதுர்ஷிகாவால் இருக்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

“அக்காவில பிழையில்லை. நான்தான், சேர். பஸ் பிந்தினபடியா என்ர மெசினில மணிக்கூட்டை இருபது நிமிசம் பின்னுக்கு வைச்சனான்.”

முகாமையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பேருரைகளுக்கு முன்னால் அது கழலும்.

“நேரம் எண்டிறது சத்தியம், பிள்ளை. இத்தினை வருசத்தில என்ர வரவில ஒரு சிவப்புக் காட்டுவீரோ? விசுவமடுவில ரயர் வெடிச்சா அதுக்குச் சங்கத்தின்ர நேரத்தைக் களவெடுக்கிறதோ? கள்ள நேரம் வைக்கிறவைக்கு இங்க நிரந்தரம் இல்லை. இண்டைக்கே எழுதுறன்.”

“ஓம், சேர்” என்றாள். அழவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வீட்டுக் கூரையும் அதோடு சேர்ந்து இறங்கியது.

ஜெயந்தன் வந்து அவளுடைய கதிரையில் இருந்தான். தன் போனைப் பார்த்து அவளுடைய மணிக்கூட்டைச் சரியாக்கினான். கிடைத்திருந்த டிக்கெட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று கேட்டான்.

மறுக்கப்பட்டது.

“பாத்தீரோ! இன்னும் என்னென்ன செய்து வைச்சிருக்கோ இந்தப் பிள்ளை” என்றார் முகாமையாளர்.

“இல்லை, சேர். இப்ப அஞ்சு மெசினும் சரியான நேரம் காட்டுது. அஞ்சுக்கும் டிக்கெட் இல்லை. இந்த மெசின் பின்னுக்கு நிண்டபோது மட்டும்தான் தந்தது.”

ஜெயந்தன் எழுந்தான். அவன் குரலில் மரியாதை ஒரு துளியும் குறையவில்லை.

“தலைமை மெசினும் இருபது நிமிசம் பின்னுக்குத்தான் நிக்குது. அதையும் திருத்துவமோ, சேர்?”